பதினோராவது கேள்வி

டயர்க்கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம்.
ஒப்பத்துக்கு இருபத்தைந்து டொலர், பிரதிக்கு ஐந்து.
தண்டர் பேயில் பெப்ரவரி.
இரவு முழுக்கத் தெருப்பனி வழித்த லாரியைக்
கீழே உறுமவிட்டு
இலாரியோ படியேறி வந்தார்,
சப்பாத்தில் உப்பு அரைபட.

அவர் நாட்டின் புதிய நீதிமன்றம்
ஏழு பக்கப் படிவம் அனுப்பியிருக்கிறது.
பெயர். உறவுமுறை. காணாமற்போன தேதி.
மகன் நெஸ்டர், வயது பத்தொன்பது,
பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டபோது
கையில் பாதி தின்ற பப்பாளி.
பப்பாளியைப் படிவம் கேட்கவில்லை.

பதினோராவது கேள்விக்கு இரண்டு கட்டங்கள்:
ஜெனரலுக்கு மரணம்.
ஜெனரலுக்கு ஆயுள்.
ஒன்றில் மட்டும் புள்ளடி இடுக.
இரண்டும் வெறுமையாக இருந்தன.

நான் ஆலோசனை சொல்லக்கூடாது.
இது உங்கள் கையெழுத்தா, இது உண்மையா
என்று மட்டும் கேட்கலாம்.
கேட்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

"அடெல்மா தன் படிவத்தில்
பேனை தாளைக் கிழிக்க
மரணத்தில் போட்டுவிட்டுச் சமைக்கப் போனாள்.
நான் மூன்று கிழமையாக இதை
லாரிக் கண்ணாடியடியில் வைத்துக்கொண்டு ஓடுகிறேன்.
அவனுக்கு எழுபத்தெட்டு. சர்க்கரை வியாதி.
சிறையென்றால் வேளைக்கு இன்சுலின்,
கிழமைக்கொரு தடவை கால் விரல்களைப் பார்க்க டாக்டர்.
என் பையனின் விரல்களை யார் பார்த்தது?
கயிறென்றால் சில நிமிடம்.
பிறகு அவன் எல்லாவற்றையும் மறந்துவிடுவான்.
ஞாபகம் வைத்திருக்கும் வேலை முழுவதும் எனக்கே."

கீழே யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்தார்கள்.
அடித்து முடியும்வரை பேசாமல் இருந்தோம்.

"உங்கள் பாஷையில் இதுகளுக்கு என்ன சொல்?"
தூக்கு, என்றேன்.
அதற்குள் தூக்கமும் படுத்திருப்பதைச் சொல்லவில்லை.
மற்றது ஆயுள் தண்டனை.
ஆயுளென்றால்
குழந்தை தும்மினால் நாங்கள் நூறு என்று அளப்பது;
பேசிக்கொண்டிருக்கையில் வாசலில் வந்து நிற்பவனுக்கு
இன்னொரு நூறு.

"அதையா அவனுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள்?"
அவர் சிரிக்கவில்லை. நானும்.

என் அண்ணனைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.
எங்களுக்கு எந்தப் படிவமும் வரவில்லை.
பதினாறு வருடமாக
இல்லாத ஒரு தாளில், இல்லாத ஒரு கட்டத்தில்
பல்லைக் கடித்தபடி புள்ளடி போட்டிருக்கிறேன்.
எந்தக் கட்டமென்று எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை,
அன்று காலைவரை.

பிறகு அவர் பேனையைக் கேட்டார்.
கட்டங்களைத் தொடவில்லை.
எழுதக்கூடாதென்று அச்சடித்திருந்த ஓரத்தில்
பள்ளிப் பிள்ளைபோல் ஒவ்வொரு எழுத்தாக எழுதி
எனக்கு வாசித்தும் காட்டினார்:

"முதலில் இடத்தைச் சொல்லட்டும்.
எந்தத் தோட்டம், எத்தனையாவது மரம், எவ்வளவு ஆழம்.
அதுவரை அந்தக் கழுத்து எனக்கு வேண்டும்.
குரல் அதற்குள்தானே இருக்கிறது."

"சொன்ன பிறகு?"
நான் கேட்டிருக்கக்கூடாது. உரிமம் போய்விடும்.
"தெரியாது. சொன்ன பிறகு
நான் அங்கே தோண்டிக்கொண்டிருப்பேன்."
தொப்பியைப் போட்டுக்கொண்டு,
"அடெல்மா ஒரு மாதம் என்னோடு பேசமாட்டாள்" என்றார்.

கட்டத்துக்கு வெளியே எது எழுதப்பட்டாலும்
அதன் பக்கத்தில் நான் சுருக்கொப்பமிட வேண்டும்.
செல்லுமோ செல்லாதோ, விதி அது.
இட்டேன்.
ஒப்புக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருளில்லை.
நான் பார்த்தேன், அவ்வளவே.

காசை எண்ணி வைத்துவிட்டு இறங்கினார்.
லாரி தெருமுனையில் திரும்பி
உப்பு சிந்திக்கொண்டு போனது.

மேசையைத் துடைக்கும்போதுதான் கண்டேன்:
தாளுக்கு அடியிலிருந்த அட்டையில்
என் இரண்டெழுத்து
விரலுக்குத் தட்டுப்படும் ஆழத்தில்.